வாசகர் கேள்வி பதில்: தாலிக்கொடியும் சேத்துக்குளமும்

போன மாசம் வாய்க்கால் தூர்வாருறதைப் பற்றி எழுதேக்க போற போக்கில சுரங்கக் கழிவைப் பற்றியும், மழைக்காலத்திலதான் அதுக்கு ஆபத்து எண்டும் ரெண்டு வரி எழுதினனான். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நான் நினைக்கேல்ல. யாழ்ப்பாணத்தில சுரங்கம் எங்க கிடக்கு, உதெல்லாம் எங்களுக்கு ஏன் எண்டு கேக்கிற ஆக்கள் முதலாவது கடிதத்தைப் பாருங்கோ, எங்கட பிள்ளையள் எங்கெங்க போய் நிக்கினம் எண்டு விளங்கும்.

ஐயா, என்ர மகன் எஞ்சினியர். பப்புவா நியூகினியில ஒரு தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் ஆறு மாசமாகுது. என்ன வேலையடா எண்டு கேட்டா "தண்ணி பாக்கிற வேலை அம்மா" எண்டு சொல்லிச் சிரிக்கிறான். தங்கம் எடுக்கிற இடத்தில தண்ணிக்கு என்ன வேலை? எப்ப போன் எடுத்தாலும் பின்னால மழைச் சத்தம்தான் கேக்குது. அணை, குளம், நிரம்பப் போகுது எண்டு ஆரோடயோ கதைக்கிறான். எனக்கு இரவில நித்திரை வருகுதில்ல.
(ஒரு தாய், கோண்டாவில்)

தங்கச்சி, உங்கட தாலிக்கொடியில இருந்தே தொடங்குவம். பதினொரு பவுண் எண்டு வைச்சா 88 கிராம். இப்பத்தைய பெரிய திறந்த சுரங்கங்களில ஒரு தொன் கல்லை இடிச்சு அரைச்சா ஒரு கிராமோ ரெண்டு கிராமோதான் தங்கம் தேறும், ஒரு கிராம் எண்டு பிடிச்சா உங்கட கொடிக்கு 88 தொன் கல்லு, பத்துத் தொன் ரிப்பரில ஒன்பது லோட். அந்தக் கல்லுக்கு மேல கிடந்த மண்ணையும் உதவாத பாறையையும் கிண்டி ஒரு பக்கம் குவிச்ச கணக்கு இதுக்குள்ள வரேல்ல, அது தனிய. இந்த ஒன்பது லோட்டையும் மா மாதிரி அரைச்சு, தண்ணியில கரைச்சு, சயனைட் விட்டுத் தங்கத்தைப் பிரிச்சாப் பிறகு மிஞ்சுறது சாம்பல் நிறத்தில ஒரு கூழ். எங்கட ஒடியல் கூழ் மாதிரித்தான், குடிக்கத்தான் ஏலாது. அதுக்கு ரெய்லிங்ஸ் எண்டு பேர். அதைப் பைப்பால கொண்டுபோய், பள்ளத்தாக்குக்குக் குறுக்க ஒரு கட்டுக் கட்டி அதுக்குள்ள விடுவினம். மண்டி அடியில இறங்க, தெளிஞ்ச தண்ணி மேல நிக்கும், அதைத் திருப்பி ஆலைக்குப் பம்ப் பண்ணுவினம்.

வறண்ட நாட்டில இந்த ஏற்பாடு பிழையில்ல, வெயில் குடிச்சது போக மிச்சத் தண்ணி ஆலைக்கே காணாது. மழை நாட்டிலதான் வில்லங்கம். எங்கட கணக்கில சொல்லுறன்: ஒரு பரப்புக் காணியில 100 மில்லிமீற்றர் மழை விழுந்தா ஏறக்குறைய 25,000 லீற்றர், அந்தக் கறுப்பு ஆயிரம் லீற்றர் ராங்கியில 25 ராங்கி. உங்கட மகன் பாக்கிற குளம் ஒரு 200 ஏக்கர் எண்டு வைப்பம், 3,200 பரப்பு, அப்ப ஒரு பெரிய மழைக்கு 8 கோடி லீற்றர், இது குளத்துக்கு மேல நேர விழுந்தது மட்டும்தான், சுத்தியுள்ள மலையால வழிஞ்சு வாறதைச் சேர்க்கேல்ல. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்கச் சேர்த்தாலும் ஒண்டேகால் மீற்றர் அளவுதான் மழை. பப்புவா நியூகினியில ஓக் ரெடி எண்ட செப்பு, தங்கச் சுரங்கம் இருக்கிற மலையில வருசத்துக்கு 8 தொடக்கம் 10 மீற்றர். எங்கட வருசத்து மழை அங்க ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். விழுகிற மழை ஆவியாப் போறதை விடக் கூட எண்டா அந்தத் தண்ணி எங்கயாவது போகத்தானே வேணும், சயனைட்டும் உலோகமும் கலந்த தண்ணியைச் சும்மா ஆத்தில திறந்து விடவும் ஏலாது.

அதுதான் உங்கட மகன்ர வேலை. மேட்டில இருந்து வாற நல்ல மழைத்தண்ணி கூழோட சேர முந்தியே வாய்க்கால் வெட்டிச் சுத்தி அனுப்புறது, கூரைத்தண்ணி முத்தத்துச் சேத்தில விழாமல் பீலி வைச்சுப் பிடிக்கிறம் தானே, அதே யோசினைதான். என்னைக் கேட்டா மழை நாட்டுச் சுரங்கத்தில முக்கால்வாசி வேலை இதுதான், ஊத்தைத் தண்ணியைச் சுத்தம் பண்ணுறது பிறகு, முதல்ல நல்ல தண்ணியை ஊத்தையாக்காமல் விடோணும். பேந்து, கட்டு விளிம்புக்கும் தண்ணி மட்டத்துக்கும் இடையில போதிய இடம் விட்டு வைச்சிருக்கிறது. அந்த இடைவெளி ஒரு சொத்து மாதிரி, பெருமழை வந்தா அதுக்குள்ள வாங்க வேணும். அதுக்கும் மிஞ்சினா வழிஞ்சு போக ஒழுங்கான வான் வேணும், இரணைமடுவில வான் பாயுறதைப் பாத்திருப்பியள். கட்டுக்கு மேலால தண்ணி வழிஞ்சா மண் கட்டு நிண்டு பிடிக்காது, அரிச்சு அரிச்சு கொஞ்ச நேரத்தில வாயைப் பிளந்திடும்.

இடைவெளி வைச்சிருக்காட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு ருமேனியாவில பாயா மாரே எண்ட இடம். 2000 ஜனவரி 30. பெருமழை, அதோட பனியும் உருகி, தங்கச் சுரங்கக் கழிவுக் குளம் நிரம்பிக் கட்டு உடைஞ்சு ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீற்றர் சயனைட் தண்ணி ஆத்துக்குள்ள போச்சுது. அங்க இருந்து ஹங்கேரிக்குள்ள ரிஸா ஆறு, பேந்து டனியூப், மீன் எல்லாம் செத்து மிதந்தது. ஓக் ரெடியில நடந்தது இன்னொரு மாதிரி. 1984இல அங்க கட்டிக்கொண்டிருந்த கழிவு அணையின்ர அத்திவாரத்தில மலை சரிஞ்சு போச்சுது, இந்த மழைக்கும் இந்த மலைக்கும் அணை சரிவராது எண்டு சொல்லிப் போட்டு கழிவை நேரா ஆத்திலயே விட்டவை. நாளுக்குப் பல்லாயிரம் தொன். ஆத்துப் படுக்கை உயர்ந்து வெள்ளம் காட்டுக்குள்ள ஏறி நிண்டு மரங்கள் பட்டுப் போச்சுது, சனம் வழக்குப் போட்டு 1996இல சமாதானத்துக்கு வந்தது. அணை கட்டாமல் விட்டா ஆபத்தில்ல எண்டு ஆரும் சொன்னா உதைச் சொல்லுங்கோ.

நீங்கள் நித்திரை கொள்ளுறதுக்கு ஒண்டு சொல்லுறன். மகனிட்ட ரெண்டு கேள்வி கேளுங்கோ. நீ படுக்கிற இடம், சாப்பிடுற இடம் கட்டுக்கு மேல்ப்பக்கமோ கீழ்ப்பக்கமோ? இண்டைக்குக் காலமை கட்டுக்கு உள்ள தண்ணி மட்டம் எவ்வளவு எண்டு உனக்குத் தெரியுமோ? முதலாவதுக்கு மேல்ப்பக்கம் எண்டும் ரெண்டாவதுக்கு யோசிக்காமல் ஒரு இலக்கமும் சொன்னான் எண்டால் பெடியன் வேலையை வடிவாச் செய்யிறான்.

மழைதான் ஆபத்து எண்டு எழுதினீங்கள். 2019இல பிரேசிலில அணை உடைஞ்ச வீடியோ நானும் பாத்தன், நல்ல வெயில் எறிக்குது, ஒரு துளி மழையில்ல. அதோட அது மூண்டு வருசமாப் பாவிக்காத அணையாம். அப்ப மழையை ஏன் சும்மா இழுக்கிறியள்?
(ஒரு வாசகர், மானிப்பாய்)

தம்பி, மடக்கிப் போட்டன் எண்டு சந்தோசப்படாதேங்கோ, ஆனா கேள்வி நல்ல கேள்வி.

நீங்கள் பாத்தது பிரேசிலில புறுமாடிஞ்ஞோ எண்ட இடம். 2019 ஜனவரி 25, மத்தியானம் சனம் சாப்பிடுற நேரம். இரும்புச் சுரங்கத்தின்ர கழிவு அணை, 86 மீற்றர் உயரம், 270 பேர் செத்தவை. கன்ரீனும் ஒபிசும் கட்டுக்கு நேர கீழ. (அதுதான் கோண்டாவில் தங்கச்சியிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னனான்.) 2016இல இருந்து புதுக் கழிவு போடேல்ல எண்டதும் உண்மை.

இப்ப ஒரு வேலை செய்யுங்கோ. காரைநகர் கசூரினா பீச்சுக்குப் போய் அலை வந்து திரும்பின உடன அந்த ஈர மணலில நில்லுங்கோ. கல்லு மாதிரி இறுக்கமா இருக்கும். அதே இடத்தில காலால கெதியா மிதிச்சுக்கொண்டு நிண்டா கொஞ்சத்தில மணல் களி மாதிரி இளகிக் கால் புதையும். மணலும் அதுதான், தண்ணியும் அதுதான், மணல் துணிக்கை ஒண்டில ஒண்டு முட்டுக் குடுத்துக்கொண்டு நிண்டது விட்டுப் போச்சுது, பாரம் முழுக்கத் தண்ணியில வந்திட்டுது, தண்ணிக்கு நிண்டு பிடிக்கத் தெரியாது. பிரேசிலில நடந்தது இந்தக் கூத்துத்தான், பெரிய அளவில. மேலால திடமாத் தெரிஞ்ச முழுக் கட்டும் சில வினாடிக்குள்ள திரவமாகி ஓடினது.

ஏன் அப்பிடி இளகினது? அந்த அணை கட்டின முறை அப்பிடி. முதல்ல சின்னக் கட்டு, அது நிரம்ப, நிரம்பின கழிவுக்கு மேலயே காலை வைச்சு அடுத்த கட்டு, பேந்து அதுக்கு மேல இன்னொண்டு, படிப்படியா உள்பக்கமா ஏறும். ஈரச் சேத்துக்கு மேல மதில் கட்டுற மாதிரி. மலிவு, அதுதான் காரணம், வேற ஒரு காரணமும் இல்ல. உள்ளுக்கு வடிகால் ஒழுங்கில்லாதபடியால தண்ணி வடியாமல் நிண்டது. விசாரிச்ச நிபுணர் குழு 2019 டிசம்பரில சொன்னது இதுதான்: உள்ளுக்குக் கன காலமா மெல்ல மெல்ல நடந்த அசைவும், மழைத் தண்ணி ஊறி மேல்ப்பக்க மண் தன்ர பிடிமானத்தை இழந்ததும் சேர்ந்துதான் விழுத்தினது. அண்டைக்கு வெயில்தான், ஆனா முந்தின மழையெல்லாம் உள்ளுக்கு இருந்தது. ஆள் செத்த அண்டைக்குக் காய்ச்சல் இல்ல எண்டு சொன்னா வருத்தம் இல்லையெண்டோ அர்த்தம்?

இந்த முறையைச் சிலி நாடு 1970இலயே தடை செய்தது, நிலநடுக்கத்தில அடி வாங்கின நாடு அது. பிரேசில் 2019இல, இவ்வளவு சனம் செத்தாப் பிறகு.

வேல்ஸ் நாட்டு அபர்ஃபானும் கிட்டத்தட்ட இதே கதை. 1966 ஒக்ரோபர் 21, நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிஞ்சு பள்ளிக்கூடத்துக்கு மேல வந்து 144 பேர், அதில 116 சின்னப் பிள்ளையள். கழிவை ஊத்துக்கு மேல குவிச்சு வைச்சிருந்தவை. அங்க ஊத்து இருக்கு எண்டு மப்பில கீறிக் கிடந்தது. எங்கட நாட்டில மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 புதுவருசத்தண்டு சரிஞ்சு 32 பேர் போனதும் நினைவிருக்கும், குப்பையோ கூழோ எதுவெண்டாலும் உள்ளுக்குத் தண்ணி நிண்டா ஒண்டுதான்.

சேர், நான் ஏ.எல். இரசாயனவியல் படிக்கிறன். சுரங்கத் தண்ணி ஏன் செம்மஞ்சள் நிறமா ஓடுது? அது அமிலம் எண்டும் சொல்லுகினம். மழைத் தண்ணி எப்பிடி அமிலமாகும்?
(மாணவி, சாவகச்சேரி)

பிள்ளை, பைரைற் தெரியும் தானே, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பொன் மாதிரி மினுங்கும். நிலத்துக்கு அடியில ஒட்சிசன் படாமல் கோடிக்கணக்கான வருசம் சும்மா கிடக்கும். அதைக் கிண்டி, உடைச்சு, வெளியில குவிச்சு, மழையும் காத்தும் பட விட்டா சல்பூரிக்கமிலம் வரும். அதுக்குள்ள வாழுற சில பற்றீரியா இந்தத் தாக்கத்தை இன்னும் கெதியாக்கும். அமிலம் வந்தாப் பிறகு கல்லில இருக்கிற செம்பு, நாகம், ஆர்சனிக்கு எண்டு எல்லாத்தையும் கரைச்சுக்கொண்டு போகும், கரைஞ்ச இரும்பு வெளியில வந்து படியேக்கதான் அந்தச் செம்மஞ்சள். ஸ்பெயினில ரியோ ரின்ரோ எண்டு ஒரு ஆறு, பேரே நிறம் ஊறின ஆறு எண்டதுதான், ஆயிரக்கணக்கான வருசமாச் சுரங்கம் நடந்த இடம், பி.எச். ரெண்டு அளவு (இந்த இலக்கம் குறையக் குறைய அமிலம் கூட). கலிபோர்னியாவில அயன் மவுண்டன் சுரங்கத்துக்குள்ள பி.எச். மறை 3.6 அளந்திருக்கினம். மறை எண்டது அச்சுப்பிழை இல்ல. உங்கட ரீச்சரிட்ட கேளுங்கோ, அவ கொஞ்சம் யோசிப்பா.

மழை நாட்டில ஒரு தனிக்குணம் இருக்கு. மழை விட்டு வெயில் எறிக்கிற நாளில அமில உப்பு கல்லுக்கு மேல பூத்துக் கிடக்கும், அடுத்த முதல் மழை அவ்வளவையும் ஒரேயடியாக் கழுவிக்கொண்டு ஆத்துக்குள்ள போடும். அதால சராசரியைப் பாத்தா தண்ணி பரவாயில்லை எண்டு இருக்கும், மீன் சாகிறது அந்த ஒரு நாளில.

சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கலாம், செய்யிறவை. அப்ப எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டா முடிஞ்சுது தானே எண்டு நீங்கள் அடுத்ததாக் கேப்பியள். அது கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும், பேந்து இரும்பு படிஞ்சு கல்லைச் சுத்தி ஒரு தோல் போட்டிடும், உள்ளுக்கு நல்ல சுண்ணாம்பு இருந்தும் அமிலத்துக்கு எட்டாது. அதால நீத்த சுண்ணாம்பாக் கரைச்சு விடுவினம். சுரங்கம் மூடினாப் பிறகும், பத்து வருசம், ஐம்பது வருசம், விட்டுக்கொண்டே இருக்க வேணும்.

கூழைப் பிழிஞ்சு தண்ணியை எடுத்துப் போட்டு, காய்ஞ்ச மண்ணா அடுக்கி வைச்சா அணையே தேவையில்ல தானே?
(பொறியியல் மாணவன், கிளிநொச்சி)

ஓம், செய்யினம், நல்ல முறை. பெரிய அமுக்கு இயந்திரத்தில பிழிஞ்சு தட்டுத் தட்டா அடுக்கி உருளையால இறுக்கிறது. ஆனா நீங்கள் கிளிநொச்சியில மாரியில ரோட்டுப் போடுறதைப் பாத்திருப்பியள். மண் நனைஞ்சா உருளை ஓடாது, ஓடினாலும் இறுகாது. பிழிஞ்ச கழிவைக் கன்வேயரில கொண்டுபோய்க் கொட்டேக்க மழை பிடிச்சா திரும்பவும் கூழ். அதால மழை நாட்டில இதைச் செய்யிறவை மழைக்காலத்துக்குக் கூரை போட்ட இடம் வேற, வெயில் காலத்துக்கு வேற இடம் எண்டு வைச்சு, வெளிப்பக்கத்தை நல்ல காய்ஞ்ச நாளில மட்டும் கட்டி, மேல தாள் விரிச்சு, மழை நேரம் வாறதை நடுவுக்குள்ள போடுவினம். செலவு கூட. சோதனையில எழுதிறதெண்டா செலவையும் எழுதுங்கோ, மார்க்ஸ் கூட வரும்.

எங்கட காணி கனகாலத்துக்குப் பிறகு விடுபட்டுப் போய்ப் பாத்தம். காங்கேசன்துறைப் பக்கம் சீமெந்துக்குக் கல்லு வெட்டின குழியெல்லாம் தண்ணி நிண்டு குளம் மாதிரிக் கிடக்கு. பாக்க வடிவா இருக்கு. சில பேர் குப்பையைப் போட்டு நிரவலாம் எண்டினம், சில பேர் இறைச்சுத் தோட்டம் செய்யலாம் எண்டினம். எது சரி?
(ஒரு குடும்பத்தார், தெல்லிப்பழை)

ரெண்டும் பிழை, முதலாவது பெரும் பிழை.

அந்த ஆலை 1950இல தொடங்கி 1990இல சண்டையோட நிண்டது, நாப்பது வருசம் வெட்டின குழி. உங்கட குழியில முன்னுக்குச் சொன்ன அமிலம் ஒண்டும் வராது, சுண்ணாம்புக் கல்லு, அந்தப் பயம் வேண்டாம். ஆனா அந்தத் தண்ணி மழைத்தண்ணி மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட நிலத்துக்கு அடியில நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, எண்ணெய் தண்ணியில மிதக்கிற மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ நாப்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டது ஒரு பொதுக் கணக்கு. இதைத் தலைகீழாப் போட்டுப் பாருங்கோ, பம்ப் போட்டு மேல ஒரு அடி இறக்கினா கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறும். நிலாவரையில மேல நல்ல தண்ணியும் கீழ உப்பும் இருக்கிறது இதாலதான். கடலுக்குக் கிட்ட இருக்கிற குழியில இஞ்சின் வைச்சு இறைச்சா முதல் போகம் வெங்காயம் நல்லா வரும், பேந்து சுத்தியுள்ள கிணறெல்லாம் சவர்.

குப்பைக்கு வருவம். இந்தக் குழி எங்கட நிலத்தடித் தண்ணிக்கு வைச்ச யன்னல். மண்ணால வடிஞ்சு போறதெண்டா கொஞ்சமாவது வடிகட்டும், இஞ்ச மண் இல்ல, கல்லு வெடிப்பும் பொந்தும்தான். இண்டைக்கு அதுக்குள்ள போட்ட பற்றறியும் மருந்துப் போத்திலும் எந்த ஊர்க் கிணத்தில எந்த மாசம் தலைகாட்டும் எண்டு ஆரும் சொல்ல ஏலாது. சுன்னாகத்தில கிணத்து வாளியோட எண்ணெய் வந்தது மறந்து போச்சோ? அதுக்கு உச்ச நீதிமன்றம் 2019இல நட்டஈடு குடுக்கச் சொன்னது, ஆனா கிணத்துக்குள்ள போனதை ஆர் திருப்பி எடுக்கிறது.

நான் செய்யிறதெண்டா, முதல்ல சுத்தி வேலி, செங்குத்து விளிம்பு, பிள்ளையள் குளிக்க இறங்கிற ஆபத்து இருக்கு. பேந்து ரோட்டு வெள்ளமும் தோட்டத்து உரத் தண்ணியும் குழிக்குள்ள இறங்காமல் ஒரு வரம்பு. நல்ல மழைத்தண்ணியை விடுறதெண்டா முதல்ல ஒரு சின்னக் குட்டையில தேங்க விட்டு, மண்டி இறங்கின பிறகு விடுங்கோ. சுரங்கக்காரரும் மண் கலந்த மழைத்தண்ணியை இப்பிடித்தான் குட்டையில நிப்பாட்டுவினம், தெளியாட்டி மருந்து போடுவினம், எங்கட ஆச்சிமார் குடத்துக்குள்ள தேத்தாங்கொட்டை உரசி விட்ட அதே வேலை. மற்றும்படி அந்தக் குழியை அதின்ர பாட்டில விடுங்கோ. கொக்கு வருகுதெண்டா வரட்டும்.

இரத்தினபுரியில மாணிக்கக் குழி வெட்ட அனுமதி எடுக்கேக்க வைப்புப் பணம் கட்ட வேணுமாம், ஏன்?
(முந்தி அங்க கடை வைச்சிருந்தவர், நல்லூர்)

குழியை மூடுறதுக்கு. கல்லு கிடைச்சவனுக்கு மூட நேரமில்ல, கிடைக்காதவனுக்கு மூடக் காசில்ல, அந்த மழைக்கு ரெண்டு குழியும் நிரம்பி நுளம்பு பெருகும், மாடு விழும், ரெண்டு குழிக்கு இடையில கிடந்த வரம்பும் சரியும். மூடிக் காட்டினா காசு திரும்பும். பெரிய நாடுகளில பெரிய சுரங்கத்துக்கும் இதுதான் முறை, சுரங்கம் தொடங்க முந்தியே மூடுற காசை வாங்கி வைக்கிறது, பிறகு கொம்பனி முறிஞ்சு போச்சுது எண்டு கையை விரிச்சா ஊர்ச்சனத்தின்ர வரிக்காசிலதான் அந்தச் சுண்ணாம்பு கரைக்க வேணும். நீங்கள் கடை நடத்தின ஆள், கல்லுக்காரருக்கு அரிசி கடன் குடுக்கேக்க என்ன செய்தனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே.